சமூகவியலா, குற்றவியலா, சமூகப்பணியா? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், விண்ணப்பம் நிரப்பித் தரும் உதவி மேசைக்கு வரும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி: "எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். எந்த வேலை, அந்த வேலைக்கு எந்தத் தகுதி, அந்தத் தகுதிக்கு எந்தப் பட்டம், அந்தப் பட்டம் எந்தக் கல்லூரியில் என்ற வரிசையில் போனால் குழப்பம் பாதியாகக் குறையும். தலைகீழாகப் போகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் வந்து, "இதை வச்சு என்ன சார் பண்றது?" என்று கேட்கிறார்கள்.

கீழே இருப்பது தமிழ்நாட்டில் படிக்க நினைப்பவர்களுக்கானது. வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முயல்பவர்களுக்கும் தேவையான இடத்தில் குறிப்பு இருக்கிறது.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில், பத்து வருடம் கழித்து நீங்கள் செய்ய விரும்பும் வேலைகள் இரண்டு மூன்றை எழுதுங்கள். "மக்களுக்குச் சேவை", "கவர்ன்மென்ட் வேலை" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. போலீஸ் எஸ்.ஐ., நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆஃபீசர்), மருத்துவமனைச் சமூகப் பணியாளர், கல்லூரி ஆசிரியர், ஐ.ஏ.எஸ்., வழக்கறிஞர், கம்பெனி எச்.ஆர்., குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு என்று பதவியின் பெயரே வர வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பதவிக்கும் கடைசியாக வந்த ஆள்சேர்ப்பு அறிவிக்கையைத் தேடி எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். அரை நாள் வேலைதான். இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், படிப்பின் பெயருக்கும் வேலையின் தகுதிக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு கிடையாது. சில உண்மைகளைப் பாருங்கள்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நேரடியாக எடுக்கும் சார்பு ஆய்வாளர் பணிக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குற்றவியல் படித்தவருக்கும் தாவரவியல் படித்தவருக்கும் அங்கே ஒரே வரிசை. எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும்தான் முடிவு செய்யும். பொது, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் கேட்கிறார்கள். "போலீஸ் ஆகணும், அதனால குற்றவியல்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் உயரத்தைத்தான் கேட்பேன்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல் இருக்கிறது. குற்றவியலும் சமூகப்பணியும் இல்லை. விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். பட்டப்படிப்பில் படித்ததையே அங்கேயும் எழுதலாம் என்பது சமூகவியலுக்கு உள்ள உண்மையான லாபம்.

நன்னடத்தை அலுவலர் பதவி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பட்டியலில் வருகிறது. அந்த அறிவிக்கையில் பதவிவாரியாகத் தகுதியும் முன்னுரிமையும் தனித்தனியே கொடுத்திருப்பார்கள். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் அட்டவணை வரை போங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) போன்ற பதவிகளுக்கு சமூகப்பணி, சமூகவியல் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். இவை குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்த வேலைகள், தொகுப்பூதியம். நல்ல அனுபவம் கிடைக்கும். நிரந்தரப் பணி என்று நினைத்துப் போகாதீர்கள்.

பள்ளி ஆசிரியர் ஆவதுதான் இலக்கு என்றால் இங்கேயே நின்று யோசியுங்கள். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கையில் சமூகவியல் பிரிவுக்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, முதுநிலையும் கேட்கிறார்கள். அதை முடித்தாலும், சமூகவியல் பாடமாக நடக்கும் மேல்நிலைப் பள்ளி நம் ஊரில் அபூர்வம். ஆசிரியர் கனவு உள்ளவர்களுக்கு வரலாறு, ஆங்கிலம், தமிழ்தான் நேர்வழி.

2. மூன்று படிப்புக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வேலை தெரிந்துவிட்டது. இனி மூன்று வருடம் எதைப் படித்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

பி.ஏ. சமூகவியல் என்பது வாசிப்பும் எழுத்தும். குடும்பம், சாதி, மதம், கிராமம், நகரம், தொழிலாளர், பாலினம் என்று சமூகம் இயங்கும் விதத்தைக் கோட்பாடுகளோடு படிப்பீர்கள். துர்கைம், வேபர், மார்க்ஸ் போன்ற சிந்தனையாளர்கள் வருவார்கள். இந்தியப் பகுதியில் எம்.என்.சீனிவாஸ், அம்பேத்கர் வருவார்கள். ஆய்வு முறைகளும் அடிப்படைப் புள்ளியியலும் உண்டு. கணக்கு வேண்டாம் என்று ஓடி வந்தவர்கள் இந்தத் தாளில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். சராசரி, விலக்கம், அட்டவணை அளவுக்குத்தான் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்து போங்கள்.

குற்றவியல் இளநிலையில் குற்றக் கோட்பாடுகள், தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், காவல் நிர்வாகம், சிறை நிர்வாகம், இளஞ்சிறார் நீதி, சைபர் குற்றம், தடயவியல் அறிமுகம், குற்றச் சட்டங்கள் என்று கலந்து வரும். துப்பறியும் படிப்பு என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். கொலையாளியை எப்படிப் பிடிப்பது என்பதைவிட, ஒருவர் ஏன் குற்றத்துக்குள் போகிறார், சிறையிலிருந்து வெளியே வந்தவர் திரும்ப ஏன் உள்ளே போகிறார் என்பதுதான் இதன் மையம்.

பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணிப் பட்டம் ஒரு தொழில்பயிற்சி. தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, சமூக நல நிர்வாகம், சமூகச் செயல்பாடு, ஆய்வு என்று முறைகளைக் கற்றுக்கொடுத்து, கூடவே களத்துக்கும் அனுப்புவார்கள். ஃபீல்டு வொர்க் என்று எல்லோரும் சொல்லும் களப்பணிக்கு மதிப்பெண் உண்டு, தனி வருகைப்பதிவு உண்டு, வைவா உண்டு. மனநலக் காப்பகம், முதியோர் இல்லம், குடிசைப் பகுதி, பள்ளி என்று மாறி மாறிப் போக வேண்டும். கிராம முகாமும் இருக்கும். என்.எஸ்.எஸ்.ஸில் மரம் நட்டதை வைத்து இது நமக்கு வரும் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் ஏதாவது ஒரு காப்பகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

3. பிளஸ் டூ குரூப் பிரச்சினையா என்று பாருங்கள்

சமூகவியலுக்கும் சமூகப்பணிக்கும் எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். குற்றவியலிலும் பொதுவாக அப்படித்தான், ஆனால் பி.எஸ்சி. என்று பட்டம் தரும் கல்லூரிகளில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் இடறுவது தடயவியலில். குற்றவியலும் தடயவியலும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, ஆய்வகம் எங்கே என்று தேடுகிறார்கள். ரத்தம், கைரேகை, நச்சுப்பொருள் ஆகியவற்றை ஆய்வகத்தில் சோதிக்கும் வேலைக்கு அறிவியல் பட்டம் வேண்டும். தடயவியல் இளநிலைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ கேட்பார்கள். குஜராத் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே இருக்கிறது. கலைப் பிரிவு மாணவர் குற்றவியல் வழியாகப் போய்த் தடயவியல் ஆய்வகத்தில் நுழைவது நடக்காது. இதைச் சேர்வதற்கு முன் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை.

4. முதுநிலையை இப்போதே முடிவு செய்யுங்கள்

மூன்றாண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளக் கூடாது. இந்த மூன்று துறைகளிலும் நல்ல வேலைக்கான கதவு பெரும்பாலும் முதுநிலையில்தான் திறக்கிறது. முதுநிலைக்கு என்ன தேவை என்று தெரிந்தால், இளநிலையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்றும் தெரியும்.

சமூகப்பணி முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.எஸ்.டபிள்யூ. கட்டாயம் இல்லை. எனவே வீட்டுக்கு அருகே உள்ள கல்லூரியில் சமூகவியலோ பொருளியலோ படித்துவிட்டு, பிறகு எம்.எஸ்.டபிள்யூ. போவது முற்றிலும் சரியான வழி. பி.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு என்ன லாபம்? களப்பணி பழகியிருக்கும், நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் பேச விஷயம் இருக்கும், எம்.எஸ்.டபிள்யூ. முதல் பருவம் லேசாகப் போகும். அவ்வளவுதான். அந்த லாபத்துக்காக ஊரைவிட்டு விடுதிச் செலவு செய்ய வேண்டுமா என்பது வீட்டுக் கணக்கு.

மனநலத் துறைதான் ஆசை என்றால் பாதை இன்னும் நீளம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி மனநலச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, சமூகப்பணியில் முதுநிலையும் அதன் மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர்பெற்ற இடம். ஆக மொத்தம் ஏழு வருடம். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குற்றவியலில் முதுநிலைக்கு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகள் இருக்கின்றன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி முதுநிலையிலேயே குற்றவியல், நீதி என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. சிறையிலும், குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லங்களிலும் வேலை செய்ய விரும்புகிறவர்கள் கடைசியில் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இளநிலையில் குற்றவியல் படித்திருக்க வேண்டும் என்றில்லை.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகவியல், சமூகப்பணி, குற்றவியல் மூன்றும் தனித்தனிப் பாடங்கள். ஆனால் தமிழ்நாட்டில் குற்றவியல் துறை இருக்கும் கல்லூரிகள் குறைவு, எனவே பணியிடமும் குறைவு. சட்டம் படிக்க நினைப்பவர்கள் எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டு எல்.எல்.பி. போகலாம், குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு, வெறும் பாஸ் போதாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: இன்னும் தெளிவு வராதவர்களுக்கு சமூகவியல் பாதுகாப்பானது, ஏனென்றால் அதிலிருந்து எல்லாப் பக்கமும் திரும்பலாம். களத்தில் இறங்கி மனிதர்களோடு வேலை செய்வதில் உறுதியாக இருப்பவர்களுக்கு பி.எஸ்.டபிள்யூ. குற்றவியல் இளநிலையை, அதன் முதுநிலைக்கோ சட்டத்துக்கோ போவேன் என்று தெளிவாகச் சொல்கிறவர்களுக்கு மட்டும்தான் பரிந்துரைப்பேன்.

5. பயிற்று மொழியை இங்கேயே தீர்மானியுங்கள்

யாரும் சொல்லித்தராத விஷயம் இது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலவழியில் சேர்ந்தால் குரூப் 2 போன்ற தேர்வுகளில் இந்த உரிமை போய்விடும். பிறகு திருத்திக்கொள்ள வழியில்லை. மறுபக்கம், எம்.எஸ்.டபிள்யூ., நிம்ஹான்ஸ், டாடா என்று போகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிப் பழகுவது அவசியம். அரசுத் தேர்வுதான் இலக்கு என்றால் தமிழ்வழி இருக்கும் கல்லூரியைத் தேடுங்கள். வெளிமாநில முதுநிலைதான் இலக்கு என்றால் ஆங்கிலவழி. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள், தமிழ்வழியில் படித்துக்கொண்டே ஆங்கில வாசிப்பைத் தனியாக வளர்த்துக்கொள்ளலாம். முடிகிற காரியம்தான்.

6. இப்போது கல்லூரிப் பட்டியல்

தமிழ், வணிகவியல் போல இந்த மூன்று பாடங்களும் ஊருக்கு ஊர் கிடைக்காது. அதனால் பட்டியல் தானாகவே சின்னதாகிவிடும்.

சென்னையில் சமூகவியல் இளநிலைக்கு லயோலா, பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ். சமூகப்பணிக்கு எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். 1952-லிருந்து இதே வேலையாக இருக்கும் நிறுவனம். பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. இரண்டும் அங்கே உண்டு. குற்றவியல் இளநிலையைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் சில நடத்துகின்றன. அவற்றில் பல சுயநிதிப் பிரிவுகள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஹானர்ஸ் பல கல்லூரிகளில் இருக்கிறது. சமூகப்பணி ஹானர்ஸ் பீம்ராவ் அம்பேத்கர் கல்லூரி, அதிதி மகாவித்யாலயா போன்ற மிகச் சிலவற்றில்தான்.

ஒரே கல்லூரியில் ஒரே பாடம் அரசு உதவிபெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் நடக்கலாம். எய்டட் என்றால் கட்டணம் குறைவு, செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவை டிக் செய்கிறீர்கள் என்று பாருங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் சுயநிதியை டிக் செய்துவிட்டு, கட்டண ரசீதைப் பார்த்துத் திகைத்த குடும்பங்கள் உண்டு.

7. துறைக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை

பட்டியலில் மூன்று கல்லூரி தேறியதும் நேரில் போங்கள். அலுவலகத்தில் விசாரித்தால் கட்டணம்தான் சொல்வார்கள். துறைக்குள் போய், முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள்.

சமூகப்பணி என்றால்: வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி? எந்தெந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள்? போக்குவரத்துச் செலவு யாருடையது? முகாமுக்குத் தனிக் கட்டணமா? களத்தில் மேற்பார்வையாளர் உண்மையில் உட்கார்ந்து பேசுகிறாரா, இல்லை கையெழுத்து மட்டும்தானா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அந்தத் துறையின் தரம். களப்பணியைக் காகிதத்தில் முடித்துவிடும் இடத்தில் பி.எஸ்.டபிள்யூ. படிப்பது, தண்ணீர் இல்லாத தொட்டியில் நீச்சல் பழகுவதற்குச் சமம்.

குற்றவியல் என்றால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பாடத்திட்டத்தில் இன்னும் பழைய பிரிவு எண்களே இருந்தால், துறை தூங்குகிறது என்று அர்த்தம். சிறை, நீதிமன்றம், கூர்நோக்கு இல்லம் ஆகியவற்றுக்கு அழைத்துப் போகிறார்களா என்றும் கேளுங்கள். அப்படியே, மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பட்டத்தின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம், இன்னோரிடத்தில் குற்றவியல் மற்றும் குற்றநீதி நிர்வாகம் என்று இருக்கும். முதுநிலை சேர்க்கையிலும் அரசு அறிவிக்கையிலும் "இணையான பட்டம்" என்ற சிக்கல் இந்தப் பெயரில்தான் கிளம்பும்.

சமூகவியலுக்கு ஒரே கேள்வி போதும்: கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம் உண்டா, மாணவர்களே களத்தில் தரவு எடுக்கிறார்களா?

8. ஆவணங்களை முடிவு வருவதற்கு முன்பே சேருங்கள்

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவில் மாணவருக்கு உள்ள எமிஸ் எண். பொருந்துபவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்று, மாற்றுத்திறனாளிச் சான்று, முன்னாள் படைவீரர் வாரிசுச் சான்று, விளையாட்டுச் சான்று.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் அதற்கான சான்றையும் பள்ளியிலிருந்து வாங்கிவிடுங்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கு இது வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். களப்பணிக்குப் பேருந்துச் செலவு என்று பார்த்தால் இந்தப் பணம் பெரிய உதவி.

பெயர் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால் என்பது பரவாயில்லை. எழுத்தே வேறு என்றால் ஏப்ரலிலேயே திருத்துங்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் வரிசை தெரு வரை நிற்கும்.

9. விண்ணப்பிக்கும் வரிசை

முதலில் வருவது க்யூட் எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகம், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் துல்ஜாப்பூர் வளாகம் போன்ற இடங்களுக்கு இது இல்லாமல் முடியாது. விண்ணப்பம் பொதுவாகப் பிளஸ் டூ தேர்வுக்கு முன்போ, தேர்வு நடக்கும் காலத்திலோ திறந்து மூடிவிடும். முடிவு வந்த பிறகு கேட்கிறவர்களுக்கு அந்த வருடம் வாய்ப்பு போய்விட்டது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே க்யூட்டிலும் எழுதியிருக்க வேண்டும். விதிமுறையைப் படிக்காமல் சுலபமான பாடம் என்று எதையோ தேர்ந்தெடுத்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே நிற்கக் கூடாது. தேர்வு எழுதினால் மட்டும் இடம் கிடைக்காது, பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியே பதிய வேண்டும்.

இரண்டாவது, தன்னாட்சிக் கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களிலேயே பெயர்பெற்ற கல்லூரிகள் மூடிவிடும். எனவே முடிவுக்கு முன்பே தளத்தில் பதிந்துவைத்து, மதிப்பெண்ணை மட்டும் பிறகு ஏற்றுங்கள்.

மூன்றாவது, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளம். பெரும்பாலும் மே மாதத்தில் திறக்கும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் சமீப ஆண்டுகளில் 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே உங்கள் பாடம் இருக்கிறதா என்று தளத்திலேயே பாருங்கள்.

தரவரிசைக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கணக்கிடுவார்கள். 600-க்கு எவ்வளவு என்று பார்த்து நம்பிக்கை இழந்தவர்கள் 400-க்குக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். சில நேரம் மோசமாகவும் இருக்கும்.

10. கலந்தாய்வு நாளில்

அரசுக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு, சிறப்புப் பிரிவினருக்கு முதலில், பொதுப் பிரிவினருக்குப் பிறகு என்று கல்லூரியிலேயே நடக்கும். அசல் சான்றுகளோடு இரண்டு மூன்று செட் நகல் எடுத்துப் போங்கள். கட்டணத்தை அன்றே கட்டச் சொல்வார்கள்.

கேட்ட பாடம் முடிந்துவிட்டால், "இதுல சேரு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பாட மாற்றம் காலியிடம் இருந்தால்தான், அதுவும் சில வாரங்களுக்குள்தான். மாறாமலே போனாலும் அந்தப் பட்டத்தோடு எம்.எஸ்.டபிள்யூ. போக முடியுமே என்று நான்காவது படியை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்றுச் சான்றிதழின் அசலை ஒரு கல்லூரியில் கொடுத்த பிறகு இன்னொன்றுக்குப் போவது அலைச்சல். எனவே காத்திருக்கும் முதல் விருப்பம் எது என்று வீட்டிலேயே பேசிவைத்துவிட்டு வாருங்கள்.

11. தபால்வழி படிப்பதாக இருந்தால்

இக்னோவில் பி.எஸ்.டபிள்யூ.வும் சமூகவியல் ஹானர்ஸும் உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல், சமூகப்பணி போன்றவை இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது நல்ல வழிதான்.

இரண்டு விஷயம் கவனம். ஒன்று, தபால்வழி பி.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம். மேற்பார்வையாளரை ஏற்பாடு செய்து, கையெழுத்து வாங்கி, அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். தாள்கள் எல்லாம் பாஸ், களப்பணி அறிக்கை இல்லாததால் பட்டம் வரவில்லை என்று வருடக்கணக்கில் கிடப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு, பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை டி.என்.பி.எஸ்.சி. ஏற்பதில்லை. மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் தொலைநிலை மாணவர்களுக்குக் கிடையாது.

12. சேர்ந்த பிறகு முதல் பருவத்தில்

களப்பணி அறிக்கையை அன்றன்று இரவே எழுதுங்கள். வாரக் கடைசியில் சேர்த்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி வரும்; மேற்பார்வையாளருக்கு இரண்டு வரி படித்தாலே தெரிந்துவிடும். ஆங்கிலம் வரவில்லை என்றால் முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள், நடந்ததை மறக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

அறிக்கையில் யாருடைய உண்மைப் பெயரும் வரக் கூடாது. காப்பகத்தில் எடுத்த குழந்தைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்திலும் போக்சோ சட்டத்திலும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். முதல் மாதத்திலேயே ஆர்வக்கோளாறில் இதைச் செய்துவிட்டு, கல்லூரிக்கும் அந்த அமைப்புக்கும் இடையே இருந்த தொடர்பையே அறுத்துவிட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஜூனியர்களுக்கு அந்த இடமே கிடைக்காமல் போகிறது.

வருகைப்பதிவு வகுப்புக்குத் தனி, களத்துக்குத் தனி. ஒன்றில் நிறைய இருக்கிறது என்று இன்னொன்றில் குறைத்துக்கொள்ள முடியாது. கல்லூரி அடையாள அட்டை கையில் வந்ததும் உதவித்தொகைப் பதிவை முடித்துவிடுங்கள். கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள்.